பூத் ஆரோக்கியத்தின் காது

திருக்காட்டுப்பள்ளி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே எஸ்.டி.டி. பூத் நடத்திய ஆரோக்கியம் ஒரு நாளும் ஒழுங்காக உட்கார்ந்ததில்லை. சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தால் அவளுக்கு இடது கால் சூம்பிப் போயிருந்தது. ஒவ்வொரு எட்டுக்கும் முழங்காலைக் கையால் அழுத்திக்கொண்டுதான் நடப்பாள். இந்தப் பெண் ஒரு மூலையில் உட்கார்ந்து பிழைத்துக்கொள்ளட்டும் என்றுதான் ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் அந்த பூத்தைக் கொடுத்தார்கள். மகராசி உட்கார்ந்தால்தானே? வாசலுக்கு வருவாள். பஸ்ஸிலிருந்து யார் இறங்குகிறார்கள் என்று பார்ப்பாள். உள்ளே போய் மீட்டர் பெட்டியைத் துடைப்பாள். துடைத்த துணியோடு மறுபடியும் வாசல். பார்த்துக்கொண்டிருக்கிற எனக்குக் கால் கடுக்கும். செல்போன் வந்து ஊரில் இருந்த பூத்தெல்லாம் மூடியபோது அவளும் மூடினாள். இப்போது அதே இடத்தில் ஜெராக்ஸும் ரீசார்ஜும் ஓடுகின்றன. அவள் இன்னும் உட்காரவில்லை.

நான் ஃபெபி. தரங்கம்பாடியிலிருந்து இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். பூத்தை ஒட்டிய அறையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்தேன். சாயங்காலம் அதே அறையில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு. தொண்ணூறுகளில் இரண்டும் சக்கைப்போடு போட்டன. மேட்டூரில் தண்ணீர் திறக்கத் தாமதமானால் என் வகுப்பில் ஆள் கூடும். ஜூன் தாண்டி, ஜூலையும் தாண்டி, ஆற்றில் மணல் மட்டும் காய்ந்து கிடந்தால், வயலை நம்பியிருந்த பையன்கள் எல்லாம் பாஸ்போர்ட் எடுக்கக் கிளம்பிவிடுவார்கள். குவைத், சவூதி, சிங்கப்பூர், மலேசியா. "டீச்சர், ஒரே மாசத்துல பேச வச்சிடுங்க" என்பார்கள். என்னமோ நான் இருமல் டானிக் விற்கிற மாதிரி.

என் வகுப்பிலிருந்து போகிறவன் ஆறு மாதம் கழித்து ஆரோக்கியத்தின் பூத்துக்குக் குரலாக வந்து சேருவான். அப்போது வீட்டுக்கு வீடு போன் ஏது? வளைகுடாக்காரர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. காலையிலேயே அங்கிருந்து கூப்பிடுவார்கள். "எங்க வீட்ல வரச் சொல்லுங்க, அரை மணி கழிச்சுப் பேசறேன்" என்று சொல்லி வைத்துவிடுவார்கள். ஆரோக்கியம் வாசலுக்கு ஓடி, கிளம்பி நிற்கிற டவுன் பஸ்ஸின் கண்டக்டரிடம் இன்னார் வீட்டுக்குப் போன் என்று சொல்லி அனுப்புவாள். அவர் அந்த ஊர் நிறுத்தத்தில் விசில் ஊதிக் கத்துவார். கேட்டவர் ஓடிப் போய்ச் சொல்ல, வீட்டில் இருப்பவர்கள் அடுத்த பஸ்ஸில் குடும்பத்தோடு வந்து இறங்குவார்கள். முதலில் அம்மா பேசுவாள், பிறகு அப்பா, பிறகு தம்பி, தங்கச்சி. கட்டிய மனைவியிடம் ரிசீவர் வரும்போது அங்கே போன் கார்டில் காசு தீர்ந்திருக்கும்.

கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று பேசினாலும், குவைத் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்துக்குக் குரலையும் எறிய வேண்டும் என்று நம் ஜனங்களுக்கு நினைப்பு. பேசுவது அத்தனையும் வெளியே கேட்கும். பூத் திறந்த புதிதில், யாரோ ஒருவர் மகனிடம் நிலத்தை விற்பது பற்றிப் பேசியதை ஆரோக்கியம் வெள்ளந்தியாக அவருடைய பங்காளியிடம் சொல்லிவிட்டாள். பங்காளிச் சண்டை முற்றி, பூத்துக் கண்ணாடிக்குக் கல் வந்தது. அன்றைக்கு எடுத்தாள் ஒரு விரதம். கூண்டுக்குள் பேசுவது கூண்டைத் தாண்டாது. போன் அடித்ததும் வயர் கூடை பின்ன உட்கார்ந்துவிடுவாள். அவள் உட்காருகிற ஒரே நேரம் அதுதான். பச்சையும் மஞ்சளுமாக வயரை இழுத்து முடிச்சுப் போடுகிற வேகத்தில், யார் என்ன பேசினாலும் தன் மண்டைக்குள் ஏறாது என்பாள். அவளிடம் கூடை வாங்காத வீடு ஊரில் கிடையாது.

ஒரு நாள் வகுப்பில் ஹியர், லிசன் இரண்டையும் எடுத்தேன். தமிழில் இரண்டுக்குமே 'கேட்கிறது' என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறோம் அல்லவா, அதனால் நம் பையன்கள் இதில் வழுக்கி விழுவது வாடிக்கை. சவூதிக்குப் போன ஒருவனிடம் ஃபோர்மேன் "லிசன்!" என்று அதட்ட, இவன் "ஐ ஹியர், ஐ ஹியர்" என்று சொல்லிக்கொண்டே தன் பாட்டுக்குச் செங்கல்லை அடுக்கியிருக்கிறான். அந்த ஆளுக்குக் கோபம் வராதா?

"பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான். நீங்க கேக்கணும்னு நினைக்கவேயில்லை, காதுல வந்து விழுது. அது ஹியர். அதுக்கு நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம், காது இருந்தா போதும். ரேடியோவுல மேட்டூர்ல எத்தனை அடி தண்ணின்னு சொல்லப் போறாங்க. எல்லாரையும் சும்மா இருங்கன்னுட்டு காதை அங்க கொண்டுபோய் வைக்கிறீங்க. அது லிசன். அதுக்கு மனசு எழுந்து போகணும்" என்றேன்.

"லிசன் பண்ணியும் ஹியர் ஆகாம இருக்குமா டீச்சர்?" என்று ஒருவன் கேட்டான்.

"ஏன் இருக்காது? மழை வருதான்னு காதைத் தீட்டிக்கிட்டுப் படுத்திருக்கீங்க. ஒரு சொட்டுச் சத்தமும் இல்லை. நீங்க லிசன் பண்ணீங்க, ஹியர் பண்ணலை."

வகுப்புக்கும் பூத்துக்கும் நடுவில் இருந்த பிளைவுட் தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆரோக்கியத்தின் குரல் வந்தது. "அப்ப நான் ஹியர்தான் டீச்சர்! சத்தியமா ஹியர் மட்டும்தான்!"

வகுப்பே சிரித்தது. எனக்கு வந்ததே கோபம்! தட்டியைத் தட்டி, "நீ இப்ப செஞ்சது லிசன்தான், வாயை மூடு" என்றேன். அவளா மூடுவாள்? அன்றிலிருந்து அந்த இரண்டு சொல்லையும் முந்தானையில் முடிந்துகொண்டாள். "என்ன ஆரோக்கியம், ஊர்க்கதை பூரா உனக்கு அத்துப்படியாமே" என்று யாராவது சீண்டினால், "நான் ஹியருங்க, லிசன் இல்லை. வேணும்னா டீச்சரைக் கேளுங்க" என்று என்னையும் சாட்சிக்கு இழுப்பாள். அவள் கத்தோலிக்கக்காரி, நான் லுத்தரன். "எங்க சாமியார் பாவசங்கீர்த்தனத்துல அவனவன் பாவத்தையெல்லாம் கேக்கறாரு, வெளியில சொல்றாரா?" என்பாள். "நீ எப்படி சாமியார் ஆனே? உன்கிட்ட எவன் மன்னிப்புக் கேட்டு வந்தான்?" என்பேன். இப்படியே போனது எங்கள் பிழைப்பு.

அந்த வருஷம் தண்ணீர் தாமதமாக வந்து, புரட்டாசியில் சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், யாரும் இல்லாத நேரம் பார்த்து கனகா என்ற பெண் பூத்துக்கு வந்தாள். ஆற்றுக்கு அக்கரையில் ஒரு சின்ன ஊர். கல்யாணம் ஆன நாலாம் மாதம் புருஷன் ரஞ்சித் குவைத்துக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டான். என்னிடம் படித்தவன்தான், நல்ல பையன். வீட்டில் இவளும் மாமியார் தனபாக்கியமும் மட்டும்.

"அக்கா, அவர் இங்க போன் பண்றாரா?" என்று கேட்டாள்.

ஆரோக்கியம் வயரை இழுத்து முடிச்சுப் போட்டாள். "யாருக்கு யார் பண்றாங்கன்னு நான் சொல்றதில்லைம்மா."

"முன்னல்லாம் வெள்ளிக்கிழமை நானும் அத்தையும் சேந்து வருவோம். ஆடி மாசத்துலேருந்து அத்தை மட்டும் கிளம்பறாங்க. கேட்டா, சந்தைக்குப் போறேன், டாக்டரைப் பாக்கறேன்னு ஏதாவது சொல்றாங்க. அவர்கிட்டேருந்து லெட்டர் வருது. நலம், நலம், நலம்னு அதே நாலு வரி. லெட்டர் வருதுக்கா, குரல் வரலை." வாசல் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "அவருக்கு அங்க வேற யாரோ இருக்காங்கன்னு ஊர்ல பேசறாங்க. எங்கண்ணனுங்க காதுக்கும் போயிடுச்சு. இந்த ஞாயிறு விட்டு அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து என்னை அழைச்சிட்டுப் போறாங்களாம். பஞ்சாயத்து வச்சு அத்துவிட்டுடலாம்னு முடிவு பண்ணிட்டாங்க. நான் என்ன செய்யறது? அவர் என்னை வேணாம்னு நினைக்கிறாரா, அதை மட்டும் தெரிஞ்சுக்கிட்டா போதும்."

ஆரோக்கியம் தலை நிமிராமல் அடுத்த முடிச்சைப் போட்டாள். கனகா நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள். தட்டிக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்டது. எழுந்து போனேன்.

"என்ன பொம்பளை நீ? ஆமா, இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா நாளைக்கு எவன் டீச்சர் இங்க வந்து பேசுவான்?" என்று சீறினாள். ஆனால் அவள் கை பின்னிய முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தது. பச்சை போட வேண்டிய இடத்தில் மஞ்சளைப் போட்டிருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை போன் வந்தது. வழக்கம்போல யாரோ கூட இருக்கிற ஆள்தான் முதலில் பேசி, தனபாக்கியம் அம்மாவை வரச் சொன்னான். தனபாக்கியம் அக்கரை நிறுத்தத்திலேயே காத்திருந்தாள் போல, அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஒல்லியான, அதிகம் பேசாத மனுஷி. கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்தி, ரிசீவரைக் காதோடு வைத்து அழுத்திக்கொண்டாள். நான் என் வாசலிலிருந்து ஆரோக்கியத்தைப் பார்த்தேன். மடியில் கூடை இருக்கிறது, கை ஓடவில்லை. கழுத்து கூண்டுப் பக்கம் சாய்ந்திருந்தது. அவள் விரதம் அன்றோடு முடிந்தது.

தனபாக்கியம் பேசியது இவ்வளவுதான். "இல்ல தம்பி, அவகிட்ட சொல்லலை... சத்தியமா சொல்ல மாட்டேன்... நான் எதுக்கு அவளை இங்க கூட்டிட்டு வரப் போறேன்?... அவ அண்ணன்மாரு வர்றாங்க, நான் என்னன்னு சொல்லித் தடுக்கறது?... சரி தம்பி. சரி." வெளியே வந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நல்ல வெயில் அன்றைக்கு.

அவள் பஸ் ஏறியதும் ஆரோக்கியம் என் அறைக்குள் வந்தாள். டைப் அடித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் நிமிர்ந்து பார்க்கிற அளவுக்கு மூச்சு வாங்கியது.

"பாத்தீங்களா டீச்சர் அந்தப் பாதகத்தியை! ஆத்தாளும் மகனும் கூட்டுச் சேந்துக்கிட்டு அந்தப் பொண்ணைக் கழட்டிவிடப் பாக்கறாங்க. எவ்வளவு நிதானமா சத்தியம் பண்றா! வயசாயிட்டா வெக்கம் கூடவா போயிடும்?"

எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. பொய் சொல்வானேன். அந்த ரஞ்சித் என் முதல் பெஞ்சில் உட்கார்ந்து, "மை வைஃப் நேம் இஸ் கனகா" என்று வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னவன். அவனா இப்படி? "அப்ப போய் அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடு" என்றேன்.

"சொல்ல மாட்டேன். சொல்றதில்லைன்னா சொல்றதில்லைதான்."

"அப்ப என்னை ஏன் பிடுங்கறே?"

முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு போய்விட்டாள். அந்த ஒரு வாரம் அவளை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் வருவாள். "அவன் வேணாம்னா அதை அவன் வாயாலயே அந்தப் பொண்ணு கேட்டுட்டுப் போகட்டுமே, அவளுக்கு அந்த உரிமை கூடக் கிடையாதா?" என்பாள். பதில் சொல்வதற்குள் போய்விடுவாள். பூத்தைத் திறந்து போட்டுவிட்டு நிறுத்தத்தில் போய் நிற்பாள். அக்கரை பஸ் வந்தால் ஜன்னல் ஜன்னலாகப் பார்ப்பாள். கோயிலுக்குப் போய் பாவசங்கீர்த்தனம் பண்ணிவிட்டு வந்தாள். சாமியார் என்ன சொன்னார் என்று கேட்டேன். "அதெல்லாம் வெளியில சொல்லக் கூடாது" என்று என்னையே முறைத்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம், வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே உள்ளே வந்து நின்றாள். முகத்தில் ஒரு தெளிச்சி.

"டீச்சர், போன் வந்திருக்குன்னு ஆளைக் கூப்பிட்டு விடறது என் வேலை. யாரைக் கூப்பிடணும்னு எவனாவது சட்டம் போட்டிருக்கானா?"

"அந்த அம்மாவைத்தானே வரச் சொல்லுவான்?"

"வீட்ல வரச் சொன்னா நான் வீட்டுக்குச் சொல்லுவேன். வீட்டுல ரெண்டு பேர் இருக்காங்க. நாளைக்குக் கொஞ்ச நேரம் பூத்தைப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போனாள். பையன்கள் என்னைப் பார்த்தார்கள். "புத்தகத்தைப் பாருங்கடா" என்று அவர்கள் மேல் எரிந்து விழுந்தேன்.

வெள்ளிக்கிழமை போன் வந்ததும் அவள் கண்டக்டரிடம் போகவில்லை. ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு பாலத்தைத் தாண்டிப் போனாள். வெள்ளிக்கிழமை காலையில் அவள் பூத்தை விட்டு நகர்ந்தது அதுதான் முதல் தடவை. நான் அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருந்தேன் என்று பெயர்தான். ரோட்டைப் பார்க்கிறேன், போனைப் பார்க்கிறேன், ரோட்டைப் பார்க்கிறேன். இவள் போய்ச் சேருவதற்குள் அந்த மாமியார்க்காரி தானாகவே பஸ் ஏறி வந்துவிட்டால்? வெள்ளிக்கிழமை என்றால் அவளுக்குத் தெரியாதா என்ன?

போன் அடித்தது. "அம்மா வந்துட்டாங்களா?" என்றது ஓர் ஆண் குரல். "வந்துக்கிட்டே இருக்காங்க, அஞ்சு நிமிஷம்" என்றேன். "கார்டுல கொஞ்சம்தாங்க இருக்கு. சீக்கிரம்" என்று வைத்துவிட்டான்.

ஆட்டோ வந்து நின்றது. நடவு வயலிலிருந்து அப்படியே வந்திருந்தாள் கனகா. சேலையை ஏற்றிச் செருகியபடி, முழங்கால் வரைக்கும் சேறு. ஆரோக்கியத்தின் சேலையிலும் கையிலும் அதே சேறு. அந்தக் காலை வைத்துக்கொண்டு வரப்பில் நடந்து, விழுந்து எழுந்து வந்திருக்கிறாள். "ஒண்ணும் இல்லை, ஒண்ணும் இல்லை" என்று என் கையைத் தட்டிவிட்டாள்.

மறுபடி போன் அடித்தது. கனகா ஓடிப் போய் எடுத்தாள். கூண்டின் கதவைச் சாத்தக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"ஹலோ, நான் கனகா பேசறேன். அவர் எங்க? அவரைக் கூப்பிடுங்க."

அந்தப் பக்கம் ஏதோ முணுமுணுப்பு. பிறகு ஒரு குரல் வந்தது பாருங்கள், அப்படி ஒரு குரலை நான் போனில் கேட்டதே இல்லை. கனகா பதறி ரிசீவரைக் காதை விட்டுத் தள்ளிப் பிடித்தாள். நாலடி தள்ளி நின்ற எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. ரஞ்சித் கத்திக்கொண்டிருந்தான்.

"அம்மா! கனகா நல்லாருக்காளா? நடவுக்குப் போறாளா? போக வேணாம்னு சொல்லும்மா, அவளுக்குச் சேத்துப்புண்ணு வந்துடும்!"

"என்னங்க, நான்தாங்க, கனகா!"

"அவ அண்ணனுங்க வந்தா கையில கால்ல விழுந்தாவது நிறுத்தி வைம்மா! பொங்கலுக்குள்ள டாக்டர் ஏதாவது பண்ணிடுவாரு! என் காது போனதை மட்டும் அவகிட்ட சொல்லிடாத! சொன்னா போயிடுவா!"

"நான்தாங்க! நான்தான் பேசறேன்!"

"அம்மா! கேக்குதா? நான் சொல்றது கேக்குதா?"

கனகா திரும்பி எங்களைப் பார்த்தாள். அவள் முகத்தை நான் எப்படிச் சொல்வது? போன வெள்ளிக்கிழமை நடந்த பேச்சில் அந்த அம்மாவின் பாதியைத்தான் ஆரோக்கியம் கேட்டிருந்தாள். மறுபாதி முழுக்க இதுதான். "தம்பி, தம்பி" என்று தனபாக்கியம் பேசியது மகனிடம்கூட இல்லை, பக்கத்தில் நின்று அவனுக்காகக் கேட்டுச் சொன்ன ஆளிடம். பாதகத்தி என்றோமே, நானும்தான், அந்த மனுஷியைப் போய்!

இப்போது முதலில் போன் பண்ணிய ஆள் பேசினான்; கனகா ரிசீவரை இன்னும் தள்ளியே பிடித்திருக்க, நானும் பக்கத்தில் போய் நின்றேன். "தங்கச்சி, நான் ஜெகபர் அலி. ரஞ்சித்கூட ஒரே ரூம்ல இருக்கேன், அய்யம்பேட்டைக்காரன். சைட்டுல கம்ப்ரசர் வெடிச்சிடுச்சும்மா. ஆள் தப்பிச்சான், ரெண்டு காதும் போயிடுச்சு. பேசறது எதுவும் கேக்காது. நான்தான் அட்டையில எழுதி எழுதிக் காட்டறேன். அம்மாதான் பேசறாங்கன்னு நினைச்சுட்டிருக்கான். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு அவன் ஒரே பிடிவாதம்."

கனகா அழுவாள் என்று நினைத்தேன். அவளுக்கு வந்தது ஆத்திரம். சேற்றுக் கையால் கூண்டுச் சுவரில் ஓங்கி ஓர் அடி அடித்தாள்.

"எழுதுங்கண்ணே! என்ன மனுஷன் நீங்கன்னு எழுதுங்க! காது போனா பொண்டாட்டி போயிடுவாளா? என்னை என்னன்னு நினைச்சுட்டு இருந்தீங்க? நாலு மாசம் உங்ககூட குடும்பம் நடத்துனது யாரு, பக்கத்து வீட்டுக்காரியா? ஊரெல்லாம் உங்களுக்கு வேற பொண்ணு இருக்குன்னு பேசுது. நான் சோறு தின்னு எத்தனை நாளாச்சு தெரியுமா? மடையன்! மடையன்னு எழுதுங்க!"

"தங்கச்சி, மெதுவா, மெதுவா. எழுதிக்கிட்டிருக்கேன். 'குடும்பம் நடத்துனது யாரு'க்கு அப்புறம் என்ன?"

"பக்கத்து வீட்டுக்காரியா!"

அந்த நேரத்தில்தான் தனபாக்கியம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். கூண்டுக்குள் யார் நிற்கிறார்கள் என்று பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். "தெரிஞ்சுபோச்சா?" என்று கேட்டாள். பிறகு ஆரோக்கியத்தைப் பார்த்தாள். "உன்னை நம்பித்தானேம்மா இங்க வந்து பேசினேன். எம்புள்ள வாழ்க்கை போச்சே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். மூன்று மாதமாக யாரிடமும் காட்டாமல் அடக்கி வைத்திருந்த அழுகை. ஆரோக்கியம் தன் நாற்காலியை இழுத்துப் போட்டு அந்த அம்மாவை உட்கார வைத்தாள். அவள் காலடியில் தானும் தரையில் உட்கார்ந்து, சேற்றுக் கையால் அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். "என்னை நாலு அடி அடிச்சிடுங்கம்மா" என்றாள்.

போனில் அந்தப் பக்கம் ரஞ்சித் படிக்க ஆரம்பித்திருந்தான். ஜெகபர் அலியின் கையெழுத்து எப்படியோ, எழுத்துக் கூட்டிக் கூட்டி, அந்தப் பெரிய குரலில் படித்தான். "என்ன... மனுஷன் நீங்க. காது போனா... பொண்டாட்டி போயிடுவாளா." நின்றான். "அம்மா ஏன் இப்படிப் பேசுது?" என்று பக்கத்தில் கேட்டான். மறுபடி படித்தான். "நாலு மாசம் உங்ககூட... குடும்பம் நடத்துனது யாரு."

அதற்குமேல் அவன் படிக்கவில்லை. தனபாக்கியத்தின் அழுகைகூட அப்போது அடங்கியிருந்தது. வெளியே பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் பூத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கனகாவா?" என்றான். கத்தவில்லை. காது கேட்காதவனுக்குத் தன் குரல் எப்போது பெரிதாகிறது, எப்போது சிறிதாகிறது என்று தெரியாது போலிருக்கிறது. "கனகாவா பேசறா?"

கனகா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"தங்கச்சி, கார்டு தீரப் போகுது" என்றான் ஜெகபர் அலி. "என்ன எழுதட்டும்?"

அவள் வாயைத் திறப்பதற்குள் ரஞ்சித்தே கேட்டான். "கனகா, எனக்கு எதுவும் கேக்காது. இனிமே கேக்குமான்னும் தெரியலை. வேலையும் போயிடும். இப்படியே நான் ஊருக்கு வரட்டுமா?"

அவள் தலையாட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள், அவன் எதிரிலேயே நிற்கிற மாதிரி.

"தலையாட்டினா அவனுக்கு எப்படிடி தெரியும்? வாயால சொல்லு!" என்று நான் போட்ட சத்தத்தில் ஆரோக்கியமே தூக்கிவாரிப் போட்டு எழுந்தாள்.

"எழுதுங்கண்ணே" என்றாள் கனகா. "வாங்கன்னு எழுதுங்க."

அவன் அதைப் படித்தான். ஊரே கேட்கப் படித்தான்.